பிறந்த வீட்டுச் சீரும் சீதன உறுதியும்

“உங்கட பக்கத்தில பொம்பிளைப் பிள்ளைக்கு வீடில்லைத்தானே அக்கா. வருசத்துக்கு ஒரு சீலையும் நாலு பழமும் குடுத்து அனுப்பிவிடுவினம்.” ஆடி மாதம், அம்மா மண்டபப் படித்துறையில் நின்றுகொண்டு என் யாழ்ப்பாணத் தோழி சொன்ன வார்த்தை இது. நெடுங்காலமாகத் திருச்சியில் வாழ்கிறவள். ஸ்ரீரங்கத்துப் பெண்ணிடம் அந்த இடத்தில் நின்று இதைச் சொன்னால் எப்படிப் பொறுப்பது?

அதே படித்துறைக்குத்தான் ஆடியில் ரங்கநாதரின் உற்சவரான நம்பெருமாள் எழுந்தருளுகிறார். காவிரிக்குப் புடவையும் மங்கலப் பொருள்களும் யானைமேல் சீராக வந்து ஆற்றில் சேர்கின்றன. தைப்பூசத்துக்குச் சமயபுரத்து மாரியம்மன் கொள்ளிடக் கரைக்கு வந்து, அண்ணன் ரங்கநாதர் அனுப்பும் சீரைப் பெற்றுக்கொண்டு போகிறாள். பெருமாளே தங்கைக்குச் சீர் அனுப்பும் ஊர் எங்கள் ஊர். இங்கே சீர் என்பது ஒரு புடவையின் விலை அல்ல. பிறந்த வீட்டு வாசல் உனக்குத் திறந்தே இருக்கிறது என்று ஆண்டுதோறும் சொல்லி அனுப்புவது.

எங்கள் வீடு வடக்குச் சித்திரை வீதியில் இருந்தது. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், கொல்லை என்று தெருவிலிருந்து நீண்டுகொண்டே போகும் வீடு. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே சுவர். அந்தப் பக்கம் தாளிக்கிற வாசனை இந்தப் பக்கம் வரும். சித்திரைத் தேர் எங்கள் திண்ணையை ஒட்டித்தான் போகும். தேரன்று கல்யாணமாகிப் போன அத்தைகள் எல்லோரும் வந்துவிடுவார்கள். யார் எந்தத் தூணருகே உட்காருவது என்பதில்கூட உரிமை உண்டு. ராஜகோபுரம் வெறும் மொட்டைக் கோபுரமாக நின்றதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள்; 1987-இல் அது 236 அடியில் எழுந்து நின்றபோதும் வந்து பார்த்தார்கள். ரயில் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஒரு பக்கம் உச்சிப் பிள்ளையார், எதிரே கோபுரம். வீடு வந்துவிட்டது என்று அப்போதே தெரிந்துவிடும்.

யாழ்ப்பாணத்து வழக்கம் வேறு. 1707-இல் டச்சுக்காரர் எழுதித் தொகுத்த தேசவழமைச் சட்டத்தில் சொத்து மூன்று வகை: முதுசம் என்கிற பரம்பரைச் சொத்து, சீதனம், தேடிய தேட்டம் என்கிற மணவாழ்வில் சேர்த்த சொத்து. பெரும்பாலும் வீடு வளவோடு மகளுக்குச் சீதனமாகப் போகும். மகன்தான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவன். அங்கே பிறந்த வீட்டைவிட்டுப் போகிறவர் ஆண்பிள்ளை, இங்கே நாங்கள். தோழியோடு நல்லூர்த் திருவிழாவுக்குப் போயிருந்தபோது கோண்டாவிலில் அவள் வீட்டைக் கண்டேன். வேலி, படலை, பின்னால் தனியே குசினி, வளவு நிறைய மாமரமும் பலாவும். அழகான வீடு. எங்கள் வீட்டைப் போலத் தெருவோடு பேசும் வீடல்ல. வேலிக்குள் தனக்கென்று வாழும் வீடு. 1995 அக்டோபர் 30-ஆம் நாள் போருக்கு அஞ்சி வலிகாமமே தென்மராட்சிப் பக்கம் திரண்டு நடந்தபோது, தாயார் எழுதிக் கொடுத்த சீதன உறுதியைப் பைக்குள் வைத்துக்கொண்டு அவளும் நடந்தாள். நாங்கள் பத்திரம் என்பதைத்தான் அவர்கள் உறுதி என்கிறார்கள். அந்த உறுதியின் முன் நான் சொல்லும் சீர் எடை குறைந்ததாக அவளுக்குத் தோன்றியதில் நியாயம் இருக்கிறது.

ஆனாலும் அந்த வழக்கத்திலும் கணக்குக் கடுமைதான். சீதனம் பெற்ற மகளுக்குப் பெற்றோரின் மற்ற முதுசத்தில் பங்கு இல்லை. வீடு அவள் பெயரில் இருந்தாலும், கணவரின் எழுத்து மூலச் சம்மதம் இல்லாமல் அவளால் விற்க முடியாது. தங்கைக்கு வீடு கட்டிக் கொடுக்க வேண்டும் என்று தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு வெளிநாட்டில் உழைத்த அண்ணன்மார் என் தோழியின் குடும்பத்திலேயே உண்டு.

இங்கே சட்டம் எங்களைக் கைவிடவில்லை. தமிழ்நாடு 1989-லேயே பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு கொடுத்தது. நாடு முழுவதற்கும் அது வர 2005 ஆயிற்று. ஆனால் பதிவு அலுவலகத்தில் நடப்பது வேறு. “ஒரு கையெழுத்துத்தானே, போட்டுடும்மா” என்பார்கள். அக்கா தங்கைகள் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வருவார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். இன்று அந்த மனையில் அடுக்குமாடி நிற்கிறது. திண்ணை போய்விட்டது, சீர் மட்டும் நின்றுபோகவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் அண்ணாவும் மன்னியும் நான் இருக்கும் சென்னைக்கு வந்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

விபீஷணன் இலங்கைக்குக் கொண்டுபோன பெருமாள் காவிரிக் கரையிலேயே தங்கிவிட்டாலும், முகத்தை அந்தத் திசைக்கே வைத்துத் தெற்கு நோக்கிப் படுத்திருக்கிறார் என்பது எங்கள் தலபுராணம். அதனால் அங்கிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வதில் எங்களுக்குக் குறைவில்லை. தேசவழமையில், பிரிக்காத காணியில் தன் பங்கை விற்க நினைப்பவர் முதலில் மற்றப் பங்காளிகளுக்கு அறிவிக்க வேண்டும். வாங்கும் முதல் உரிமை அவர்களுக்கே. ஸ்ரீரங்கத்து அண்ணன்மாரே, சீரை விடாதீர்கள். ஆனால் வீட்டை விற்பதாக இருந்தால், விடுதலைப் பத்திரத்தை நீட்டும் முன் “உனக்கு வேண்டுமா?” என்று தங்கையிடம் கேளுங்கள்.