பாரி மகளிரும் படக்கொட்டகைச் சிரிப்பும்

நகைச்சுவை என்ற பெயரால் வருவது எதனையும் ஆராயலாகாது என்றோர் எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கின்றது. சிரித்துவிட்டு மறக்கவேண்டியதைத் தூக்கிவைத்துப் பேசுவானேன் என்று கேட்பார்கள். ஆனால், ஒரு சமூகம் எதைக் கண்டு சிரிக்கின்றதோ அதிலேதான் அதன் உள்ளம் ஒளிவு மறைவின்றி வெளிப்படுகின்றது என்பது நமது கருத்து. ஆதலின், பல்லாயிரவர் சிரித்த ஒரு காட்சியை ஈண்டு எடுத்துக்கொண்டு, அச்சிரிப்பின் பொருள் யாதென ஆராய்வோம்.

2007-ம் ஆண்டில் ‘சிவாஜி’ என்னும் தமிழ்ப் படம் வெளிவந்தது. ஏவி.எம். நிறுவனத்தார் தயாரித்து, ஷங்கர் இயக்கி, ரஜினிகாந்த் நடித்த அப்படம் தமிழகத்தில் மட்டுமன்றி மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் கொட்டகைகளை நிரப்பிற்று. அதிலே ஒரு தந்தை, தம் பெண்கள் இருவரையும் கதாநாயகனுக்கு அறிமுகப்படுத்தி, அவர்களோடு பழகிப் பார்க்குமாறு விரும்பி அழைக்கின்றார். பெண்கள் இருவரும் கரிய மேனியர். அக்கருமையும் மிகைப்படுத்திக் காட்டப்பட்டிருக்கின்றது. அவர்களைக் கண்டதும் நாயகனைச் சேர்ந்தவர்கள் மிரளுகின்றனர், கொட்டகை சிரிக்கின்றது. அப்பெண்கள் செய்த குற்றந்தான் என்ன? பொய் சொன்னார்களா? பிறர் பொருளைக் கவர்ந்தார்களா? ஒன்றுமில்லை. நிறம் ஒன்றே குற்றம். அவர்களுடைய பெயர்களோ அங்கவை, சங்கவை!

இப்பெயர்கள் எவருடையவை என்பதைத் தமிழருக்கு எடுத்துச் சொல்லவேண்டிய நிலை வந்ததே வருந்தத்தக்கது. பறம்பு மலையை ஆண்ட வள்ளல் பாரியின் மகளிருக்குப் பிற்காலக் கதைகள் வழங்கும் பெயர்கள் இவை. தந்தையையும் நாட்டையும் இழந்த துயரை அம்மகளிர் பாடியது புறநானூற்றின் 112-ம் பாட்டாக நிற்கின்றது. தமிழ்ப் பெண்களின் புலமைக்கு அழியாத சான்றாக விளங்குவது அச்சிறு பாட்டு.

பாரி இறந்தபின் அவன் நண்பராகிய கபிலர் அம்மகளிரை அழைத்துச் சென்று, முதலில் விச்சிக்கோனிடமும் பின்னர் இருங்கோவேளிடமும் மணஞ்செய்துகொள்ள வேண்டினார். இருவரும் இணங்கவில்லை. புறநானூற்றின் 200, 201, 202-ம் பாட்டுக்களில் இச்செய்தியைக் காணலாம். படத்திலும் இரு பெண்களுக்கு மணமகன் தேடப்படுகின்றது, மறுக்கப்படுகின்றது. ஆனால் வேற்றுமையைப் பாருங்கள். பழம்பாட்டிலே மறுத்தவனுக்குத்தான் இழிவு. புலவர் சொல்லை இகழ்ந்தமையால் அரையம் என்னும் மூதூர் அழிந்த வரலாற்றை நினைவூட்டிக் கபிலர் இருங்கோவேளைக் கடிந்துகொள்கின்றார். படத்திலோ மறுக்கப்பட்ட பெண்களுக்கே இழிவு. மறுத்தவன் நாயகன், அவன் மறுப்பதற்குக் கைதட்டல். இரண்டாயிரம் ஆண்டுகளில் நாம் அடைந்த வளர்ச்சி இதுதானா என்று கேட்கின்றோம்.

இன்னும் ஒன்று. அப்படத்தின் நாயகிக்குப் பெயர் தமிழ்ச்செல்வி. அவள் வெண்ணிற மேனியள். தமிழின் செல்வம் என்னும் பெயர் வெளுத்த பெண்ணுக்கு; தமிழ்ப்புலமை வாய்ந்த மகளிரின் பெயர் கேலிக்குரிய பெண்களுக்கு! தந்தையாக நடித்தவரும் பட்டிமன்ற மேடைகளிலே புகழ்பெற்ற தமிழ்ப் பேராசிரியரே. தீய எண்ணத்தோடு இவ்வாறு செய்தார்கள் என்று நாம் கூறவில்லை. எண்ணமே இன்றிச் செய்திருப்பார்களாயின், அதுவே பெருங்கேடு. நஞ்சென்று அறிந்து ஊட்டுபவனைத் தடுக்கலாம். உணவென்று நம்பி ஊட்டுபவனை எவ்வாறு தடுப்பது?

நிற்க, கருமையை இகழ்வது தமிழ் மரபு என்று எவரேனும் வாதிக்கலாம். பழைய நூல்கள் அவ்வாறு சொல்லவில்லை. சங்கப் பாட்டுக்களிலே தலைவியின் மேனிக்குரிய அழகு மாமை எனப்படும். அதனை மாந்தளிரின் நிறம் என்பர். தலைவியை மாயோள் என்று சுட்டுவதும் உண்டு. காதலன் பிரிந்த காலத்தில் அம்மேனி வெளிறிப்போவது பசலை. வள்ளுவர் இப்பசப்பின் துயருக்கென்றே 119-ம் அதிகாரம் முழுவதையும் ஒதுக்கினார். அதாவது, அன்றைய தமிழ்ப் பெண் தன் நிறம் வெளுத்தமைக்காக அழுதாள். இன்றைய தமிழ்ப் பெண் வெளுக்கவில்லையே என்று அழுகின்றாள். பொன்னிற மேனியைப் புகழ்ந்த பாட்டுக்களும் நம்மிடம் உண்டு. அதனை நாம் மறைக்கவில்லை. ஆயினும், கரிய நிறம் உடைமை கேலிக்குரிய குறை என்னும் கொள்கைக்கு அந்நூல்களில் ஆதாரம் தேடுவது வீண்.

ஆண்களின் நிறத்தைப் பற்றியும் அப்படம் பேசாமலில்லை. நாயகியின் விருப்பத்தைப் பெறும்பொருட்டு நாயகனும் தன் மேனியை வெளுக்கப் பல பாடு படுகின்றான். ஒரு பாட்டிலே அவன் வெள்ளைக்காரனைப் போலவே தோன்றுகின்றான். அதற்காக ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் தோல் நிறத்தைப் படம்பிடித்துக் கணினியின் துணையால் அவன் மேனியிற் பொருத்தினார்கள். படத்தின் தந்திரக் காட்சிகளுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. ஆனால், அவன் மீண்டும் கரிய மேனியனாகவே நின்று வெற்றி பெறுகின்றான், நாயகியையும் அடைகின்றான். ஆணின் கருமை வீரத்துக்குத் தடையன்று என்பது இதன் முடிவு. நல்லது. அந்த நீதி அங்கவைக்கும் சங்கவைக்கும் ஏன் கிட்டவில்லை? கரிய நிறத்தவன் உலகம் போற்றும் நாயகனாகலாம். அவனோடு பிறந்த தங்கை அதே நிறத்தோடு மணப்பந்தலில் அமர்ந்தால் நகைப்புக்கு இடமாவாள். இதுவே அக்காட்சி நமது பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் பாடம்.

இனி நாம் வாழும் நாடுகளுக்கு வருவோம். 2017-ம் ஆண்டில் மலேசியாவிலே நோன்புப் பெருநாளை ஒட்டி வந்த ஒரு விளம்பரப் படத்தில், ஒரு பெண்ணின் முகத்தில் கரும்பூச்சு அப்பி, அவளைக் கண்டவன் திடுக்கிடுவதாகவும், அழகுப் பொருள்களால் அவள் வெளுத்ததும் விரும்புவதாகவும் காட்டினார்கள். 2019-ம் ஆண்டில் சிங்கப்பூரிலே ஒரு விளம்பரத்தில் சீன நடிகர் ஒருவரே நான்கு வேடம் பூண்டு, இந்தியர் வேடத்துக்காக மேனியைக் கருப்பாக்கிக்கொண்டார். இரண்டுக்கும் எதிர்ப்புக் கிளம்பிற்று. உரியவர்கள் மன்னிப்புக் கேட்டார்கள். நம்மவர் கொதித்தது முற்றும் நியாயமே. ஆனால், பிறர் பூசிய கரும்பூச்சுக்குக் கொதித்த நாம், நம்மவர் பூசியதைக் கண்டு கைதட்டினோம். மணமகள் தேவை விளம்பரத்தில் ‘சிவந்த நிறம்’ என்று அச்சிட்டுக் கேட்டவர்கள் சீனரா, மலாய்க்காரரா? பெண் பார்க்கப் போன வீட்டில், “பெண் நல்ல பெண்தான், ஆனால் நிறம் கொஞ்சம் மட்டு” என்று முணுமுணுத்தவள் நமது அத்தையல்லவா?

இம்முணுமுணுப்பை வணிகர்கள் கேட்டுக்கொண்டேயிருக்கின்றார்கள். 1975-ம் ஆண்டில் இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்னும் முகப்பூச்சு விற்பனைக்கு வந்தது. வெளுத்தால் வேலை கிடைக்கும், வெளுத்தால் கணவன் கிடைப்பான் என்று அதன் விளம்பரங்கள் கதை சொல்லின. 2020-ம் ஆண்டில், உலகெங்கும் நிறவெறிக்கு எதிர்ப்பு மூண்டபோது, அது ‘க்ளோ அண்ட் லவ்லி’ எனப் பெயர் மாறிற்று. பெயரை மாற்றுவது எளிது. அரை நூற்றாண்டாக நமது பெண்களின் உள்ளத்திற் பூசியதை எதைக் கொண்டு கழுவுவது? இதனினும் கொடியது, மலிவாக விற்கும் சில வெளுப்புப் பூச்சுக்களில் பாதரசம் கலந்திருப்பது. பாதரசம் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் கெடுக்கும். சிங்கப்பூர், மலேசிய அதிகாரிகள் இத்தகைய பூச்சுக்களைப் பற்றிப் பலமுறை எச்சரித்திருக்கின்றனர். எச்சரிக்கை விடுவது அரசாங்கத்தின் கடமை. வாங்காதிருப்பது நமது கடமை. ஆனால், வீட்டிலே நிறத்தைப் பழிக்கும் வாய் ஓயாதவரையில், கடையிலே அப்பூச்சை வாங்கும் கையும் ஓயாது.

படத்தைத் தடை செய்யவேண்டும் என்று நாம் கேட்கவில்லை. தடையினால் உள்ளம் திருந்தியதாக நாம் கண்டதில்லை. நாம் வேண்டுவது மிகச் சிறியது. அக்காட்சி மீண்டும் தொலைக்காட்சியில் வரும்போது, நமது வீட்டுக் கூடத்தில் நம்மருகே மாநிற மகள் ஒருத்தி அமர்ந்திருப்பாள். எல்லோரும் சிரிக்கையில் அவள் முகத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவளும் சிரிப்பாள், சிரிக்காவிட்டால், தன்னைப் பற்றியதென்று பிறர் அறிந்துகொள்வரே என்று அஞ்சிச் சிரிப்பாள். அச்சிரிப்பைக் கண்டபின் நமக்குச் சிரிப்பு வராது. அப்பொழுது அவளிடம், அங்கவையும் சங்கவையும் யாரென்று சொல்லுங்கள்.