முன்னால் பறக்கும் இறக்கை

மலையடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்ப்பவருக்கு ஹேங் கிளைடிங் தனியாள் கலையாகத்தான் தெரியும். பத்து மீட்டர் அகலத்துக்கு விரிந்த முக்கோண இறக்கை, அதன் அடியில் குப்புறப் படுத்த வாக்கில் தொங்கும் ஒரே ஓர் ஆள், சுற்றிலும் வெறும் ஆகாயம். எஞ்சின் கிடையாது, பக்கத்தில் பேச்சுத் துணையும் கிடையாது. இந்தத் தோற்றத்தை வைத்துத்தான் பலரும் தனிமையின் இன்பம், விடுதலை என்றெல்லாம் இதைப் பற்றி உருகுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இது கூட்டாகச் செய்கிற கலை. துணையோடு பறக்கும்போதுதான் இதன் முழு அழகும் வெளிப்படுகிறது. இதற்கான காரணம் நட்பு, பாசம் போன்ற மனச் சமாச்சாரம் மட்டுமல்ல. இந்தக் கலை முழுக்க முழுக்கக் காற்றை நம்பியிருக்கிறது, காற்றோ கண்ணுக்குத் தெரிவதில்லை. எந்த இடத்தில் அது மேலே எழுகிறது, எந்த இடத்தில் கீழே அமுக்குகிறது என்பதை ஒரு பைலட்டுக்கு மிகத் தெளிவாகக் காட்டுவது அவருக்கு முன்னால் பறக்கிற இன்னொருவரின் இறக்கைதான்.

இந்தத் துணை இல்லாமல் பறந்தவரின் கதையை இந்தக் கலையின் தொடக்கத்திலேயே பார்க்கலாம். ஜெர்மன் பொறியாளர் ஓட்டோ லிலியன்தால் நாரைகள் பறப்பதை ஆண்டுக்கணக்கில் கவனித்து, இறக்கையின் வளைவை அளந்து, 1889-இல் புத்தகமாக எழுதினார். பிறகு தானே இறக்கை கட்டி, 1891 முதல் ஏறத்தாழ 2,000 முறை குன்றுகளிலிருந்து மிதந்து இறங்கினார். 1896 ஆகஸ்ட் 9 அன்று ஸ்டோல்ன் கிராமத்துக்கு அருகில் பறந்துகொண்டிருந்தபோது, வெயிலில் சூடேறி எழுந்த காற்று அவருடைய இறக்கையின் மூக்கைத் தூக்கிவிட்டது. வேகம் செத்துப்போய் சுமார் 15 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தார், மறுநாள் இறந்தார். பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். அவருக்கு உதவியாளர்கள் இருந்தார்கள், படமெடுத்தவர்களும் இருந்தார்கள். ஆனால் அவருக்கு முன்னால் அதே சரிவின் மேல் பறந்து, ‘இங்கே காற்று குமுறுகிறது’ என்று தன் இறக்கையின் ஆட்டத்தால் சொல்ல ஒருவரும் இல்லை. இன்று ஒரு மலை முகட்டில் பத்துப் பேர் தயாராக நின்றால், அனுபவமுள்ள ஒருவர் முதலில் குதிப்பார். மற்ற ஒன்பது பேரும் வைத்த கண் வாங்காமல் அவரையே பார்ப்பார்கள். அந்த இரண்டு மூன்று நிமிடங்களில் அவர்களுக்குக் கிடைக்கும் அறிவு லிலியன்தாலுக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

பின்னால் வந்த வரலாற்றிலும் இதே இழை ஓடுகிறது. அமெரிக்கப் பொறியாளர் பிரான்சிஸ் ரொகாலோ தன் மனைவி கெர்ட்ரூடோடு சேர்ந்து 1948-இல் துணியால் ஆன நெகிழ் இறக்கையை உருவாக்கினார். அந்த இறக்கையின் படத்தைப் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் ஊரில் ஜான் டிக்கன்சன் 1963-இல் அதன் அடியில் ஒரு முக்கோணச் சட்டத்தைப் பொருத்தினார். ஊர்த் திருவிழாவில் நீர்ச்சறுக்குக் கழகம் காட்ட விரும்பிய ஒரு வித்தைக்காகச் செய்தது அது. பைலட் தொங்கிக்கொண்டு, சட்டத்தைப் பிடித்துத் தன் உடல் எடையை முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகர்த்தியே திசைதிருப்பும் இன்றைய முறை அங்கிருந்து வந்ததுதான். 1971 மே 23, லிலியன்தாலின் பிறந்தநாள். கலிஃபோர்னியாவின் நியூபோர்ட் பீச் அருகே ஒரு குன்றில் மூங்கிலும் பிளாஸ்டிக் தாளும் கொண்டு கட்டிய கிளைடர்களோடு ஆட்கள் கூடினார்கள். ஒவ்வொருவரும் தன் கொல்லையில் தனியாகச் செய்து பார்த்துக்கொண்டிருந்த காரியம் அன்றுதான் ஒரு கலை வட்டமாகத் திரண்டது என்பேன்.

ஒரு நல்ல பறக்கும் நாள் முந்தைய மாலையே தொடங்கிவிடுகிறது. வானிலைக் கணிப்பில் முதலில் பார்ப்பது மறுநாள் பகலின் வெப்பநிலையையும் பனிநிலை வெப்பத்தையும். இந்த இரண்டுக்கும் இடையே எத்தனை டிகிரி வித்தியாசமோ, ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 125 மீட்டர் உயரத்தில் மேகத்தின் அடித்தளம் அமையும். 34-க்கும் 22-க்கும் நடுவே 12 டிகிரி என்றால், தரையிலிருந்து 1,500 மீட்டர் வரை ஏறலாம். இன்றைய நல்ல கிளைடர் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 15 மீட்டர் முன்னேறும்; ஆக, 1,500 மீட்டரிலிருந்து அசையாத காற்றில் இருபது கிலோமீட்டருக்கு மேல் போகலாம். இந்தக் கணக்கை யாரும் தனியாகப் போட்டுவிடலாம். இதற்கு அடுத்த கணக்குக்குத்தான் கூட்டம் வேண்டும். காற்று மேற்கிலிருந்து வந்தால் எந்த மலை, மதியம் திசை மாறினால் எங்கே இறங்குவது, யாருடைய வண்டி கீழே நிற்கும், புதிதாகக் கற்றவர் எத்தனை மணிக்குள் பறந்து முடிக்க வேண்டும் என்றெல்லாம் பேச வேண்டும். நடுப்பகல் வெயிலில் எழும் காற்று மூர்க்கமாக இருக்கும். அனுபவசாலிகளுக்கு அது விருந்து, புதியவருக்கு ஆபத்து. ஆகவே நல்ல குழுவின் திட்டம் அதில் மிகக் குறைந்த அனுபவமுள்ளவரை வைத்தே தொடங்கும். இதைச் சலுகை என்று நினைப்பவர்கள் உண்டு. அவருடைய அமைதியான காலை நேரமும் மற்றவர்களின் வேகமான மதியமும் ஒரே நாளுக்குள் அடங்கும்படி வகுப்பதைத் திட்டமிடுதலின் உச்ச அழகாகவே நான் பார்க்கிறேன்.

மலையுச்சியில் கிளைடரைக் கோப்பதை அருகிலிருந்து பார்க்க வேண்டும். நீண்ட உறையிலிருந்து அலுமினியக் குழாய்கள் விரியும். துணியின் மடிப்புகளுக்குள் வளைந்த கம்பிகள் ஒவ்வொன்றாக நுழையும். அவற்றின் வளைவுதான் இறக்கைக்கு வடிவம் தருகிறது. இழுவைக் கம்பிகளைக் கை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கும். எல்லாம் முடிந்தபின் பைலட் ஹார்னஸை மாட்டி, அதன் காராபினர் கொக்கியைக் கிளைடரில் கோத்துக்கொண்டு, தரையிலேயே குப்புறத் தொங்கிப் பார்ப்பார். ஒரு நண்பர் இறக்கையின் மூக்கைப் பிடித்துக்கொள்வார். கொக்கி பூட்டியிருக்கிறதா, கால் வார்கள் மாட்டியிருக்கின்றனவா, மார்புக்கும் முக்கோணச் சட்டத்தின் அடிக்குழாய்க்கும் இடையே எத்தனை விரற்கடை என்று அவர் வாய்விட்டுச் சொல்வார். பார்ப்பவருக்கு இது அலுப்பூட்டும் சடங்கு. ஆனால் கொக்கியை மாட்ட மறந்து ஓடிக் குதித்து உயிர்விட்டவர்கள் இந்தக் கலையின் வரலாற்றில் இருக்கிறார்கள். 2018-இல் ஸ்விட்சர்லாந்தின் இண்டர்லாக்கன் அருகே, முதன்முதலாகப் பறக்க வந்த பயணியைக் கொக்கியில் மாட்டாமலே ஓர் அனுபவசாலி பைலட் குதித்துவிட்டார். அந்தப் பயணி இரண்டு நிமிடத்துக்கு மேல் கைப்பிடியிலேயே தொங்கி, மணிக்கட்டு முறிந்து, உயிர்தப்பினார். அனுபவம் மறதியைத் தடுப்பதில்லை. பக்கத்தில் நிற்கும் இரண்டாவது ஜோடிக் கண்கள் தடுக்கக்கூடும்.

காற்று பலமாக வீசும் செங்குத்துப் பாறை விளிம்பிலிருந்து கிளம்புவது இன்னும் நுட்பமானது. இறக்கையின் இரண்டு பக்கக் கம்பிகளையும் ஆளுக்கு ஒருவராக இருவர் பிடித்திருப்பார்கள். தங்கள் கையில் கம்பி மேலே இழுக்கிறதா, கீழே அமுக்குகிறதா, சமமாக இருக்கிறதா என்பதை அவர்கள் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். இடக்கைப் பக்கமிருந்து ‘மேலே’ என்று வந்தால், பைலட் அந்த இறக்கையைச் சற்றுத் தாழ்த்துவார். இரண்டு பக்கத்திலிருந்தும் ‘சமம், சமம்’ என்று கேட்ட பிறகுதான் விடச்சொல்லிக் குரல் கொடுப்பார். அந்த நொடியில் அவருடைய தொடுவுணர்ச்சி பத்து மீட்டர் அகலத்துக்கு, இறக்கையின் இரு முனைகள் வரை நீண்டிருக்கிறது. மற்றவர்களின் கைகள்தான் அதைச் சாத்தியமாக்குகின்றன. இந்தக் கலையில் நான் மிக உயர்வாக மதிக்கும் காட்சி இதுதான், பறப்பதைக்காட்டிலும்கூட.

மேலே போனபின் துணை வேறு வடிவம் எடுக்கிறது. வெயிலேறிய வேளையில் நம் ஊர்ப் பருந்து சிறகசைக்காமல் வட்டமிட்டு உயர்வதைப் பார்க்காதவர் இருக்க முடியாது. அது ஏறுவது தெர்மல் எனப்படும் வெப்பக்காற்றுத் தூணில். ஹேங் கிளைடரும் அதே தூணில்தான் ஏறுகிறது. தூண் சில நூறு மீட்டர் அகலம்தான், அதைவிடக் குறுகலாகவும் இருக்கும். வெளியே வந்தால் இறக்கம். மூன்று பேர் ஒருவருக்கொருவர் முந்நூறு மீட்டர் இடைவெளிவிட்டுப் பக்கவாட்டில் வரிசையாக முன்னேறினால், ஒருவர் தேடும் அகலத்தைப்போல் பல மடங்கு அகலத்தை அவர்கள் சலித்துவிடுவார்கள். ஒருவரின் இறக்கை திடீரென்று தூக்கிக்கொள்ளும்போது மற்ற இருவரும் அங்கே திரும்புவார்கள். முதலில் வந்தவர் எந்தப் பக்கமாகச் சுற்றுகிறாரோ, பின்னால் வருபவர்களும் அதே பக்கமாகத்தான் சுற்ற வேண்டும். கீழே இருப்பவருக்குத் தலைக்கு மேலே இருப்பவரைத் தெரியாது, சொந்த இறக்கையே மறைக்கும்; ஆகவே வழிவிட வேண்டியது மேலே இருப்பவர். ஐந்தாறு வண்ண இறக்கைகள் ஒரே மையத்தைச் சுற்றி, வெவ்வேறு உயரங்களில், ஒன்றையொன்று இடிக்காமல் சுழன்று ஏறுவதற்கு இந்த இரண்டு விதிகளே போதும்.

துணையோடு பறப்பதன் பலனுக்கு என்னிடம் உள்ள மிக வலுவான சாட்சி டெக்சாஸின் தென்பகுதியில், மெக்சிகோ எல்லையில் ரியோ கிராண்ட் ஆற்றங்கரையில் இருக்கும் சபாட்டா என்ற சிற்றூர். மலையே கிடையாது, சிறிய விமானம் கயிறு கட்டி மேலே இழுத்துவிடும். மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று தென்கிழக்கிலிருந்து பலமாக அடிப்பதால், காலையிலேயே மேகங்கள் வரிசை கட்டத் தொடங்கிவிடும். கீழே மைல் கணக்கில் நம் சீமைக்கருவேலத்தின் உறவுக்கார முள்மரங்கள். இறங்க இடம் அரிது. இங்கிருந்து 2001-இல் ஆஸ்திரியாவின் மான்ஃப்ரெட் ரூமர் 700 கிலோமீட்டர் பறந்து உலக சாதனை படைத்தார். பதினோரு ஆண்டுகள் அந்த அதிகாரபூர்வ சாதனை நிலைத்து நின்றது. 2012 ஜூலை 3 அன்று அமெரிக்காவின் டஸ்டின் மார்ட்டினும் ஆஸ்திரேலியாவின் ஜானி டுராண்டும் அங்கிருந்து கிளம்பி, வழியின் பெரும்பகுதியை ஒன்றாகவே கடந்தார்கள். சுமார் 11 மணி நேரத்துக்குப் பின், லபக் நகரின் கிழக்கே லொரென்சோ அருகில் மார்ட்டின் இறங்கியபோது தூரம் 764 கிலோமீட்டர். டுராண்ட் சில கிலோமீட்டர் முன்னதாகவே தரை தொட்டார். அவரும் பழைய சாதனையைத் தாண்டியிருந்தார். சாதனைப் புத்தகத்தில் ஒரு பெயர்தான் இருக்கும். ஆனால் அந்த நாளைப் புரிந்துகொள்ள விரும்புபவர் இரண்டு பெயர்களையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஒரே சாதனைக்குப் போட்டியிடும் இருவர், ஒருவர் கண்டுபிடித்த காற்றை மற்றவர் பயன்படுத்திக்கொண்டு நாள் முழுக்கப் பறந்தால்தான் இருவருமே அவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

கருவிகள் வந்தபின் துணை எதற்கு என்று கேட்கலாம். வேரியோமீட்டர் ஏற்றத்தையும் இறக்கத்தையும் நொடிக்கு நொடி ஒலியாகச் சொல்கிறது, ஜிபிஎஸ் காற்றின் திசையைக் கணக்கிட்டுத் தருகிறது. உண்மைதான், இவை இல்லாமல் இன்று யாரும் தூரப் பயணம் போவதில்லை. ஆனால் வேரியோமீட்டர் சொல்வது இந்த நொடியில் நம்மைத் தாங்கும் காற்றைப் பற்றி. ஜிபிஎஸ் சொல்வது நாம் கடந்து வந்த காற்றைப் பற்றி. அரை கிலோமீட்டருக்கு அப்பால், இன்னும் நாம் போய்ச் சேராத இடத்தில் காற்று என்ன செய்கிறது என்பதை அங்கே பறந்துகொண்டிருக்கும் நண்பர் ஏறுவதும் இறங்குவதுமே காட்டும்.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கூட்டம் அறிவைத் தருவதுபோலவே அசட்டுத் துணிச்சலையும் தரும். நான்கு பேர் குதித்துவிட்டார்களே என்று ஐந்தாமவர், தன் மனம் தயங்கியும், குதித்துவிடுவார். இது கற்பனையான பயமல்ல. மலையேறிகளிடமும் கடலோடிகளிடமும் காணும் அதே பலவீனம்தான். நான் இதை மறுக்கவில்லை. தன்னைத்தானே கண்காணிக்காத கூட்டம் தனிமையைவிட மோசமானது. ஆனால் நல்ல குழுக்களில் இதற்கு எதிரான பழக்கமும் ஊறியிருக்கிறது. விளிம்பு வரை வந்து, ‘இன்று வேண்டாம்’ என்று திரும்புபவரிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. கம்பி பிடித்தவர்கள் பேசாமல் கிளைடரைப் பின்னால் கொண்டுபோக உதவுகிறார்கள். ஒருவர் திரும்பினால் அடுத்தவருக்கும் திரும்புவது எளிதாகிறது. தனியாக வந்தவருக்கு அந்த இடத்தில் பதில் சொல்ல இருப்பது, காலையெல்லாம் சுமந்து ஏறிய களைப்பும் வீணாகும் விடுமுறையும் மட்டுமே.

கனத்தைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். சட்டம் இல்லாத துணி இறக்கையான பாராகிளைடர் ஒரு முதுகுப்பைக்குள் அடங்கிவிடும். பஸ்ஸில் போய் மலையேறிப் பறந்து திரும்பலாம். ஹேங் கிளைடர் பெரும்பாலும் இருபதிலிருந்து முப்பத்தைந்து கிலோ வரை கனக்கும், ஆளைவிட நீளம், கார் கூரைமேல்தான் ஏற்ற முடியும். இளைஞர்கள் பாராகிளைடரை நாடுவதற்கு இது பெரிய காரணம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இதே கனம்தான் ஏற்றுவதற்கு ஓர் ஆளையும், மூக்கைப் பிடிக்க ஓர் ஆளையும், மலையடியில் காத்திருக்க ஓர் ஆளையும் கேட்கிறது. அப்படிக் கூடியவர்களுக்கு மாலையில் ஒரு பரிசும் உண்டு. அந்தி சாயும் வேளையில் பள்ளத்தாக்கின் சரிவுகள் பகலில் வாங்கிய வெப்பத்தை மெதுவாக விடும். காற்று குலுங்காமல், அகலமாக, மென்மையாக எழும். காலையில் பறந்த புதியவரும் மதியம் பறந்த அனுபவசாலியும் அப்போது ஒரே உயரத்தில், கையசைத்தால் தெரியும் தூரத்தில் மிதக்கலாம். தூரமோ சாதனையோ அந்த ஒரு மணி நேரத்தில் யாருடைய பேச்சிலும் இருக்காது.

இவ்வளவுக்கும் அச்சாணியாக இருப்பவர் அன்று பறக்காதவர். நூறு கிலோமீட்டர் தள்ளி ஏதோ ஒரு வயலில் இறங்கியவரைத் தேடி, ரேடியோவில் வரும் அரைகுறைக் குறிப்பை வைத்து, மண் ரோடுகளில் வண்டியோட்டுபவர். திட்டத்தில் முதலில் எழுத வேண்டியது அவர் பெயரைத்தான். அவர் இல்லையென்றால் யாரும் மலையடிவாரத்தைவிட்டு விலகத் துணிய மாட்டார்கள், மேகங்கள் எவ்வளவு அழகாக வரிசை கட்டினாலும். நல்ல குழுக்களில் இது முறைவைத்து மாறும்: இன்று பறந்தவர் நாளை ஸ்டியரிங்கைப் பிடிப்பார். அந்த ஆண்டின் ஆகச் சிறந்த காற்று அவருடைய முறைநாளில் வந்து வீசினாலும், மாற்றிக் கேட்பதில்லை.