33 கம்பங்கள்: நாஷ்வில் சட்டத்தை மறுபடி படித்தபோது

நாஷ்வில் கதையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் 33-ல்தான் ஆரம்பிப்பார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அமெரிக்காவில் டென்னசி மாநிலத்து ஊர் அது. 2016-ல் கூகுள் ஃபைபர் அங்கே வீடு வீடாகக் கண்ணாடியிழை இணைப்பு கொடுக்க இறங்கியது. எங்களுக்கு 88,000 கம்பங்கள் தேவை, அதில் 44,000-க்கு மேல் முன்வேலை செய்தாக வேண்டும், இதுவரை முடிந்தது 33 என்று அந்தக் கம்பெனி தன் வலைப்பதிவில் எழுதியது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. பழைய கம்பெனிகள் வில்லன், அனுமதிச் சீட்டு என்பது வில்லன் கையில் இருக்கும் ஆயுதம்.

இப்போது அந்தச் சட்டத்தையும் அதன்மேல் வந்த தீர்ப்பையும் சேர்த்து வைத்துப் படித்தால், நான் சொன்ன கதை பாதிதான் என்று படுகிறது. முதலில் அந்த எண்ணையே பாருங்கள். திட்டத்தின் மொத்தத் தேவையையும் முடிந்த வேலையையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துகிற எண் அது. எத்தனை கம்பத்துக்கு விண்ணப்பம் போனது, போன விண்ணப்பம் யார் மேசையில் எத்தனை நாள் கிடந்தது என்று அது சொல்லவில்லை. சொன்னதும் தகராறில் ஒரு தரப்பு. பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு ஊர் சட்டம் போடுவதற்கு அது போதுமான ஆதாரமா?

கம்பத்தைக் கொஞ்சம் அண்ணாந்து பார்க்க வேண்டும். உச்சியில் மின்சாரக் கம்பிகள். அதற்குக் கீழே சுமார் 40 அங்குலம் வெற்றிடம் விட வேண்டும். தொலைபேசி ஆட்கள் கரண்டில் கை வைத்துவிடக் கூடாது என்பதற்கான இடைவெளி அது. அதற்கும் கீழேதான் தொலைபேசி, கேபிள் டிவி, இணையக் கம்பிகள், ஒன்றுக்கொன்று ஓர் அடி தள்ளி. கடைசிக் கம்பியும் தெருவில் போகிற லாரிக்கு இடிக்காத உயரத்தில் இருக்க வேண்டும். ஆக, புதிதாக வருகிறவனுக்கு மிச்சம் இருப்பது சில அங்குலம். அந்த இடத்தை உண்டாக்க ஏற்கெனவே இருக்கிற கம்பிகளை ஒரு சாண் மேலேயோ கீழேயோ நகர்த்த வேண்டும். இதற்குத்தான் 'மேக் ரெடி' என்று பெயர்.

சிக்கல் இங்கேதான். அவரவர் கம்பியை அவரவர் ஆள்தான் நகர்த்துவார். காம்காஸ்ட் ஆள் ஒரு நாள் வருவார், ஏடி அண்ட் டி ஆள் இன்னொரு மாதம் வருவார். முதல் ஆள் முடிக்காமல் இரண்டாவது ஆள் ஏற முடியாது. 2011-லேயே மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம், அதாவது எஃப்சிசி, ஆய்வுக்கு 45 நாள், மதிப்பீட்டுக்கு 14 நாள், ஒப்புக்கொள்ள 14 நாள், வேலைக்கு 60 நாள் என்று கெடு வைத்திருந்தது. கெடு தாண்டினால் என்ன ஆகும் என்பது வேறு கதை. போட்டிக்காரனுக்கு இடம் பண்ணிக் கொடுக்க யார்தான் ஓடி வருவார்கள்?

நாஷ்வில் மெட்ரோ கவுன்சில் சொன்ன தீர்வு எளிமையானது: கம்ப உரிமையாளர் ஒப்புக்கொண்ட ஒரே ஒப்பந்தக் குழு, ஒரே ஏற்றத்தில், எல்லார் கம்பியையும் நகர்த்திவிடட்டும். 'ஒன் டச்' சட்டம். 2016 செப்டம்பரில் மேயர் மேகன் பாரி கையெழுத்துப் போட்டார். பொறியியல் யோசனையாக இது அருமை. தெரு அடைப்பு ஒரே தடவை, ஏணி ஒரே தடவை. இதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

எதிர்ப்பை மட்டும் அன்று சுலபமாகத் தள்ளிவிட்டேன். எதிர்த்தது முதலாளிகள் மட்டும் இல்லை, தொலைத்தொடர்புத் தொழிலாளர் சங்கமும்தான். கம்பியை நகர்த்துவது எங்கள் உறுப்பினர் வேலை, ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றார்கள். வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் பேச்சு என்று நினைத்தேன். இருக்கட்டுமே, அதிலென்ன தப்பு? தவிர, அடுத்தவன் கம்பியை அறுத்துவிட்டால் இருட்டில் உட்காரப்போவது அந்த அடுத்தவனின் வாடிக்கையாளர். அவசர எண்ணுக்குக் கூப்பிட முடியாத ஒரு வீட்டுக்கு, எத்தனை கம்பம் சீக்கிரம் முடிந்தது என்ற கணக்கு எதற்கு?

சரி, ஏடி அண்ட் டி வழக்குப் போட்டது, காம்காஸ்டும் போட்டது. 2017 நவம்பரில் சட்டம் விழுந்தது. விழுந்த விதம்தான் சுவாரசியம். தனியார் கம்பங்களைப் பொறுத்தவரை மத்திய விதி இருக்கும்போது ஊர்ச் சட்டம் செல்லாது என்றது நீதிமன்றம். இது எதிர்பார்த்ததுதான். ஆனால் ஊரில் ஐந்தில் நான்கு பங்கு கம்பம் நாஷ்வில் எலெக்ட்ரிக் சர்வீஸுடையது, அது ஊரின் சொந்த மின்வாரியம். அந்தக் கம்பங்களிலும் கவுன்சிலுக்கு அதிகாரம் இல்லை, ஊரின் சாசனமே அதை மின்வாரியத்திடம் விட்டிருக்கிறது என்று தீர்ப்பு. தன் வீட்டுச் சாவி தன்னிடம் இல்லை என்பது கவுன்சிலுக்குக் கோர்ட்டில்தான் தெரிந்திருக்கிறது! சட்டம் எழுதுமுன் சாசனத்தைப் புரட்டியிருக்க வேண்டாமா? மின்வாரியத்தோடு உட்கார்ந்து அதன் விதியையே மாற்றச் சொல்லியிருந்தால் வழியே வேறு. அதில் கைதட்டல் குறைவு, அவ்வளவுதான்.

பக்கத்து மாநிலமான கென்டக்கியில் லூயிவில் ஊர் இதே மாதிரிச் சட்டம் போட்டது, இதே ஏடி அண்ட் டி வழக்குப் போட்டது, அங்கே ஊர் ஜெயித்தது. கென்டக்கி கம்ப விவகாரத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் மாநிலம், மத்திய விதி அங்கே குறுக்கே வராது. ஜெயித்த பலனை அனுபவித்தார்களா என்றால் அதுவும் இல்லை. கூகுள் ஃபைபர் அங்கே கம்பத்தை விட்டுவிட்டுத் தார்ச்சாலையில் இரண்டு அங்குல ஆழத்தில் கீறல் போட்டுக் கம்பியைப் புதைத்தது. கம்பி வெளியே எட்டிப் பார்த்தது. 2019 ஏப்ரலில் கடையை மூடிவிட்டு, சாலையைச் சரிசெய்ய ஊருக்கு 38.4 லட்சம் டாலர் கொடுத்துவிட்டுப் போனார்கள். கம்ப அனுமதி ஒன்றுதான் தடை என்று பேசுகிறவர்கள் இந்த அத்தியாயத்தைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

2018 ஆகஸ்டில் எஃப்சிசி அதே 'ஒன் டச்' யோசனையை நாடு முழுக்க விதியாக்கியது. 15 நாள் முன்னறிவிப்பு கொடு, எளிய வேலையானால் நீயே ஆள் வைத்து முடித்துக்கொள். மின்சாரப் பகுதியும் சிக்கலான வேலையும் இதில் சேராது. சங்கம் கிளப்பிய பயத்துக்கு இது ஓரளவு பதில் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1978-ல் காங்கிரஸ் போட்ட கம்பச் சட்டம் ஊராட்சி, கூட்டுறவுச் சங்கங்களின் கம்பங்களை விலக்கியே வைத்திருக்கிறது. அதனால் நாஷ்வில் மின்வாரியக் கம்பங்களுக்கு இந்தப் புது விதி பொருந்தாது. எந்த ஊரைக் காட்டிக் காட்டி விதி கேட்டார்களோ, அந்த ஊரின் ஐந்தில் நான்கு கம்பத்தை விதி தொடவில்லை. கிராமத்துக் கூட்டுறவு மின்சாரத்தை நம்பி இருக்கிறவர்களுக்கும் இதே கதிதான்.

அடுத்த மாதமே சின்ன செல்பேசிக் கருவிகளுக்கு இன்னொரு ஆணை வந்தது. இருக்கிற கம்பத்தில் மாட்ட 60 நாளுக்குள் ஊர் பதில் சொல்ல வேண்டும், ஆண்டுக்கு ஒரு கருவிக்கு 270 டாலர் வரை நியாயமான கட்டணம். ஊர்கள் கோர்ட்டுக்குப் போயும் 2020-ல் பெரும்பகுதி நிலைத்துவிட்டது. கட்டணத்தில் கம்பெனிகளுக்கு 200 கோடி டாலர் மிச்சம் என்று ஆணையமே கணக்குச் சொன்னது. மிச்சப்பட்ட காசை இணைப்பு இல்லாத தெருவில் போடு என்று ஒரு நிபந்தனைகூட அதில் இல்லை. ஊருக்குக் கெடு உண்டு, கம்பெனிக்குக் கெடு இல்லை.

இதையெல்லாம் விட எனக்கு உறுத்துவது உளுத்துப்போன கம்பம். புதிய கம்பி ஏற வரும்போதுதான் அது தாங்காது என்று கண்டுபிடிப்பார்கள், மாற்றும் செலவு முழுவதும் புதியவன் தலையில். எப்படியும் மாற்றியிருக்க வேண்டிய கம்பத்துக்கு அடுத்தவன் காசில் புதுசு! 2021 ஜனவரியில் எஃப்சிசி, மாற்றத்துக்குப் புதியவன் மட்டுமே காரணம் இல்லை என்றால் முழுச் செலவையும் அவனிடம் கேட்பது நியாயமில்லை என்றது. அப்படியானால் மீதியை யார், என்ன விகிதத்தில் கொடுக்க வேண்டும் என்பதை அந்த ஆவணம் வகுத்துச் சொல்லவில்லை.