விருதுக் குழுவின் காது

மாங்குளம் சந்தியில் ஏ9 வீதியை விட்டுக் கிழக்கே முல்லைத்தீவுப் பக்கம் திரும்பினால், கரிப்பட்டமுறிப்பைத் தாண்டி ஒட்டுசுட்டான் வரும். இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகள் எங்கள் ஊருக்கு மிகக் கிட்ட வந்தது அந்தச் சந்தி வரைதான். மணிரத்னத்தின் ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில், சென்னையில் வளரும் அமுதா தன்னைப் பெற்றவளைத் தேடி வரும் ஊர் மாங்குளம். 2002ஆம் ஆண்டுப் படங்களுக்கான 50ஆவது தேசிய விருதுகளில் அதற்கு ஆறு விருதுகள் கிடைத்தன. சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதோடு, இசைக்கு ஏ. ஆர். ரஹ்மானும் பாடலுக்கு வைரமுத்துவும் படத்தொகுப்புக்கு ஸ்ரீகர் பிரசாத்தும் குழந்தை நட்சத்திரமாகக் கீர்த்தனாவும் விருது பெற்றார்கள். ஆறாவது விருது ஒலிப்பதிவுக்கு. முதல் ஐந்தைப் பற்றி எனக்கு வழக்கில்லை. ஆறாவதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

படம் வெளியானது 2002 பெப்ரவரியில். அதே மாதம் 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. பாதையோடு சீடிகளும் வந்து இறங்கின. மின்சாரம் இல்லாத வன்னியில் ஜெனரேற்றரை இயக்கி, வாடகைக்கு எடுத்த டீவியை முற்றத்தில் வைத்துப் படம் பார்த்த காலம் அது. மாங்குளம் என்று திரையில் காட்டப்பட்ட காட்டில் பாலையும் இல்லை, வீரையும் இல்லை. அது எங்கள் காடு இல்லை என்பதை விறகுக்குப் போய் வருகிற எவரும் முதல் பார்வையிலேயே சொல்லிவிடுவார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். போர் நடந்த மண்ணில் அன்றைக்கு எந்த இந்திய இயக்குநர் கமெரா வைத்திருக்க முடியும்?

பேச்சு அப்படியல்ல. பேச்சைப் பிடிக்கக் காடு தேவையில்லை, கேட்கத் தெரிந்த ஒருவர் போதும். தாய் சியாமாவாக நந்திதா தாஸ் வருகிறார். பட்டியல் போட்டுக் கேள்வி கேட்கும் மகளுக்கு முன்னால் அவர் திணறும் காட்சியில் முகம் எல்லாவற்றையும் சொல்லுகிறது, வாய் வேறெங்கோ நிற்கிறது. அந்தப் படத்தின் ஈழத்துப் பேச்சு இராமேஸ்வரத்துக்கும் தலைமன்னாருக்கும் நடுவே கடலில் தத்தளிக்கிறது. இடைக்கிடை ஒரு ‘ஓம்’ போட்டுவிட்டால் ஈழத்தமிழ் ஆகிவிடும் என்ற நம்பிக்கை சென்னைச் சினிமாவில் பழையது. கேள்வி முடிகிற இடத்தில் குரல் எழும் விதமும், வயது போனவர்கள் யார் வீட்டுக் குழந்தையையும் ‘பிள்ளை’ என்று கூப்பிடும் வாஞ்சையும் எழுத்துப் பிரதியில் வராது. அவை காதால் மட்டுமே பிடிபடும்.

இதற்காக ஒலிப்பதிவாளர்களைக் குறை சொல்ல முடியாது. குண்டுச் சத்தத்தையும் மௌனத்தையும் அவர்கள் கையாண்ட விதத்துக்கு விருது தகும். சிக்கல் விருதின் வகுப்புப் பிரிப்பில் இருக்கிறது. ஒலி எவ்வளவு துல்லியமாகப் பதிந்தது என்று பார்க்க ஒரு பிரிவு, நடிப்பைப் பார்க்க ஒன்று, திரைக்கதைக்கு ஒன்று. ஒரு ஊரின் பேச்சு இந்த மூன்றுக்கும் இடையிலுள்ள சந்துக்குள் விழுந்துவிடுகிறது. வசனத்துக்கென்று தனி விருது 2009ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அதுகூட எழுதிய வசனத்துக்கே, பேசிய வாய்க்கு அல்ல.

விருதே வீண் என்று சொல்லிவிடுவது சுலபம். நான் அந்தக் கட்சியில் இல்லை. 1954இல் தொடங்கிய இந்த விருது, ‘மலைக்கள்ளன்’ காலத்திலிருந்து தமிழுக்குச் செய்த நன்மை பெரிது. தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் நடத்தும் விழாக்களில் எந்த நட்சத்திரம் வருவார் என்பதைப் பொறுத்துப் புதுப்புது விருதுகள் முளைக்கும். தேசிய விருதில் ஒரு குழு உட்கார்ந்து படத்தைப் பார்க்கிறது. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். 1929இலிருந்து நடக்கும் ஒஸ்கார், இறுதிச் சுற்றில் வாக்களிப்பவர் அந்தப் பிரிவில் போட்டியிடும் எல்லாப் படங்களையும் பார்த்திருக்க வேண்டும் என்று விதி கொண்டுவந்ததே 2025இல்தான்! பாலு மகேந்திராவின் ‘வீடு’ தமிழின் சிறந்த படம் என்றும் அதில் நடித்த அர்ச்சனா நாட்டின் சிறந்த நடிகை என்றும் 1987ஆம் ஆண்டுக்கான விருதில் அறிவிப்பு வந்தது. சொந்தமாக ஒரு வீடு கட்ட அல்லாடும் பெண்ணின் கதைக்கு வசூல் கணக்கில் இடமிருந்திராது. ‘காக்கா முட்டை’யின் இரண்டு சிறுவர்களுக்கும், ‘கடைசி விவசாயி’யில் நடித்துவிட்டு மறைந்துபோன நல்லாண்டிக்கும் கிடைத்த அங்கீகாரமும் இந்த வழியில் வந்ததுதான்.

பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். 1992ஆம் ஆண்டுப் படங்களுக்கான நடுவர் குழுவுக்கு அவரே தலைவர். இசை விருதுக்கு ‘தேவர் மகன்’ இளையராஜாவும் ‘ரோஜா’ ரஹ்மானும் சரிசமமாக நிற்க, அவருடைய வாக்கு புதியவர் பக்கம் போனது. தன் படங்களுக்கு இசையமைத்த நண்பரை விட்டு, முதல் படத்தோடு வந்த இளைஞருக்கு வாக்களித்த அந்த முடிவை இன்றும் விவாதிப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பிடித்தது வேறு. ஒரு தனி மனிதரின் ரசனை, பெயரோடும் பொறுப்போடும், விருதைத் தீர்மானித்திருக்கிறது. பெயர் தெரியாத ஆயிரம் வாக்குகளைவிட இது மேல்.

அதே காரணத்தால்தான் குழுவை அமைப்பவர் கையில் விருதும் போய்விடுகிறது. 2021ஆம் ஆண்டுக்கான விருதுகளில் ‘ஜெய் பீம்’ வெறுங்கையோடு திரும்பியது. ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ தேசிய ஒருமைப்பாட்டு விருது பெற்றது. 2025இல் அறிவிக்கப்பட்ட 71ஆவது விருதுகளில் ‘தி கேரளா ஸ்டோரி’யை இயக்கியவர் சிறந்த இயக்குநர் ஆனார்; கேரள முதலமைச்சரே கண்டனம் தெரிவித்தார். அதே பட்டியலில் ‘பார்க்கிங்’ போன்ற ஒரு சின்னத் தமிழ்ப் படத்துக்கும் எம். எஸ். பாஸ்கருக்கும் இடம் கிடைத்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இந்த அரசியலைப் பற்றி இந்தியாவிலேயே நிறைய எழுதிவிட்டார்கள். வன்னியிலிருந்து பார்க்கிறவனுக்கு அதற்கும் முந்திய ஒரு வாசல் தெரிகிறது.

தணிக்கைச் சான்றிதழ் இல்லாத படம் இந்தப் போட்டிக்குள் நுழையவே முடியாது. ராஜீவ் காந்தி கொலையைத் தொட்ட ‘குற்றப்பத்திரிகை’ பதினைந்து ஆண்டுகள் அளவுக்குப் பெட்டிக்குள் கிடந்து 2007இல் வெளியானது. போரின் முடிவில் கொல்லப்பட்ட செய்தி வாசிப்பாளர் இசைப்பிரியாவின் கதையைச் சொல்ல வந்த ‘போர்க்களத்தில் ஒரு பூ’வுக்கு 2015இல் சான்றிதழ் மறுக்கப்பட்டது; அந்தப் படத்தை அவருடைய குடும்பத்தாரும் எதிர்த்தார்கள் என்பதால் அங்கே நியாயம் ஒரு பக்கம் மட்டும் இல்லை. போர்நிறுத்த காலத்தில் வன்னி மண்ணிலேயே எடுக்கப்பட்டு, புலம்பெயர்ந்த நாடுகளில் திரையிடப்பட்ட ‘ஆணிவேர்’ எந்த நாட்டின் விருதுக்குப் போகும்? இலங்கையில் சரசவிய விருது 1964இலிருந்து இருக்கிறது. ஆனால் 1983 ஜூலையில் ஹெந்தளையில் விஜயா ஸ்ரூடியோவை எரித்து, இயக்குநர் கே. வெங்கட்டைக் கொன்ற பிறகு, அந்த மேடைக்குத் தமிழ்ப் படம் எங்கிருந்து வரும்?

ஆகவே எங்கள் கதை எப்போதும் பிறர் படத்தில், பிறர் மேடையில். அங்கே போனாலும் அதே காதுப் பிரச்சினை. ‘மெட்ராஸ் கபே’யைத் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் திரையிட மறுத்தன. அந்தப் படத்துக்கு 2013ஆம் ஆண்டுக்கான தேசிய விருதில் கிடைத்தது எது தெரியுமா? அதுவும் ஒலிப்பதிவுக்கே! ஈழப் போரை எடுத்த இரண்டு படங்களில் சத்தம் நன்றாக இருந்தது என்று இரண்டு குழுக்கள் பதினொரு வருட இடைவெளியில் ஒருமனதுபோலச் சொல்லியிருக்கின்றன.

மறு கரையில் 2015இன் ‘தீபன்’. ஜாக் ஓதியார் என்ற பிரெஞ்சு இயக்குநர் தமிழ் தெரியாமலே தமிழில் எடுத்தார். விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்தவரும் எழுத்தாளருமான ஷோபாசக்தி முதன்மைப் பாத்திரத்தில் நடித்ததால் அவர் வாயில் வந்த தமிழ் பிசகவில்லை. கோயன் சகோதரர்கள் தலைமையிலான கான் விழாக் குழு தங்கப்பனை விருதை அதற்குக் கொடுத்தது. அந்தக் குழு படித்தது துணைவசனத்தை. எனவே சரியான தமிழுக்குக் கிடைத்த பரிசு என்று அதைக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. பேச்சு பிசகியிருந்தாலும் பரிசு வந்திருக்கும்.

2020இல் தீபா மேத்தாவின் ‘ஃபன்னி போய்’ இதன் உச்சம். ஷியாம் செல்வதுரையின் நாவலைப் படமாக்கினார். முக்கிய வேடங்களில் தமிழர் இல்லை, தமிழ் உச்சரிப்பு கொலை என்று புலம்பெயர் தமிழர்கள் எதிர்ப்புக் காட்டினார்கள். கனடா அதைச் சர்வதேசப் படப் பிரிவுக்கு ஒஸ்காருக்கு அனுப்பியது. ஒஸ்கார் அதைத் திருப்பி அனுப்பியது, உச்சரிப்புக்காக அல்ல. பாதிக்கு மேல் ஆங்கிலம் இல்லாத படமாக இருக்க வேண்டும் என்ற விதிக்கு அது பொருந்தவில்லை. விருது மொழியை அளந்து பார்த்தது. கேட்டுப் பார்க்கவில்லை.

இதற்கு மருந்து பெரிய சீர்திருத்தம் ஒன்றும் அல்ல. தேசிய விருதில் இப்போது வட்டாரக் குழுக்கள் முதலில் சலித்து அனுப்ப, மத்தியக் குழு முடிவு செய்கிறது. தமிழும் மலையாளமும் ஒரே தென்னகக் குழுவின் கீழ் வருகின்றன. மதுரைப் பேச்சும் கொங்குப் பேச்சும் தவறினால் அங்கே யாராவது ஒருவருக்காவது உறைக்கும். ஈழத்துப் பேச்சு தவறினால் உறைப்பதற்கு ஆள் வேண்டும். தமிழ்நாட்டு முகாம்களில் 1983இலிருந்து இருக்கும் எங்கள் சனத்தில் ஒருவரைக் கூப்பிட்டு ஒரு நாள் படம் போட்டுக் காட்டினால் போதும். விமானச் சீட்டுச் செலவுகூட இல்லை.

2025இல் வெளியான படங்கள் 73ஆவது விருதுக்கு உரியவை. அவற்றில் அபிஷன் ஜீவிந்தின் ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் ஒன்று. 2002இல் மாங்குளத்துப் பிள்ளையை வளர்க்கும் சென்னைத் தாயாக நடித்த சிம்ரன், இதில் பொருளாதார நெருக்கடிக்குப் பயந்து இலங்கையிலிருந்து படகேறும் தாய். சென்னையில் வாய் திறந்தால் பிடிபட்டுவிடுவோம் என்று அந்தக் குடும்பம் தன் பேச்சை மறைக்க வேண்டியிருக்கிறது. படத்தின் சிரிப்பும் பயமும் அந்தப் பேச்சில்தான் தொங்குகின்றன. தயாரிப்பாளர் போட்டிக்கு அனுப்பியிருந்தால், பேச்சைக் கேட்காமல் மதிப்பிடவே முடியாத ஒரு ஈழக் கதை இந்தத் தடவை குழுவின் முன்னால் இருக்கும். அதற்கும் ஒலிப்பதிவுக்கே விருது கொடுத்தார்கள் என்றால் நாங்கள் ஒட்டுசுட்டானிலிருந்து வாய்விட்டுச் சிரிப்போம்.