கிளார்க் நகர்த்திய தீவு

விஞ்ஞானப் புனைகதையைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடும் பழக்கம் நம் இலக்கியவாதிகள் பலரிடம் உண்டு. அந்த அலட்சியத்தால், நமது தீவை மையமாகக் கொண்ட ஒரு முக்கியமான நாவலை நாம் போதியளவு விவாதிக்கத் தவறிவிட்டோம். ஆதர் சி. கிளார்க்கின் 'த ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்' 1979இல் வெளிவந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டம் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரு காலத்தில் பௌதிகவியல் விரிவுரையாளனாக இருந்து, இன்று டூங்கபியில் குடியிருக்கும் தொழிற்சாலைத் தொழிலாளியான நான், இரவுவேலை இடைவேளைகளில் அதை மீண்டும் வாசித்தேன்.

இருபத்திரண்டாம் நூற்றாண்டில் மோர்கன் என்ற பொறியியலாளர் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி அமைக்க முனைகிறார். அதன் அடித்தளம் பூமத்திய ரேகையில் அமையவேண்டும். ஆகவே கிளார்க் இலங்கையை 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, 'தப்ரபேன்' எனப் பெயரிடுகிறார். தேவைப்படும் மலையுச்சியிலோ பௌத்த மடம் ஒன்று இருக்கிறது. இதற்குச் சில தசாப்தங்களுக்கு முன்பே வேற்றுலகத்து இயந்திரத் தூதன் ஒன்று சூரிய மண்டலத்தினூடாகச் சென்றிருக்கிறது. அது மனிதருடன் உரையாடுகிறது, தோமஸ் அக்குவைனாசின் இறையியல் வாதங்களைத் தர்க்கத்தால் உடைக்கிறது, தரிக்காமலே போய்விடுகிறது.

பேசிவிட்டுப் போய்விடும் இந்த விருந்தாளி கிளார்க்குக்கு வசதியானவன். முதற் சந்திப்பின் உண்மையான வரலாறு நான் வாழும் இந்த மண்ணிலேயே கிடக்கிறது. 1788இல் கப்பல்களில் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை. மறுவருடமே பெரியம்மை சிட்னிக் கரையோரத்தின் ஆதிக்குடிகளை அள்ளிச் சென்றது. 1791இல் டூங்கபியில் கைதிகளின் உழைப்பில் அரசாங்கப் பண்ணை எழுந்தது. 1797இல் அப்பண்ணையைத் தாக்கிய பெமுல்வுய், 1802இல் சுட்டுக் கொல்லப்பட்டார். வந்தவன் என்ன பேசினான் என்பதைவிட, எங்கே வேலி போட்டான் என்பதே இங்கு கேள்வியாக இருந்தது. கற்பனை நாவலிடம் வரலாறு கேட்பது நியாயமா எனச் சிலர் கேட்கலாம். ஆனால், வந்து தங்கி ஆளும் வேற்றுலகத்தாரை 1953இலேயே 'சைல்ட்ஹுட்ஸ் என்ட்' நாவலில் படைத்தவர் இதே கிளார்க்தான். அவர் அறியாத கேள்வியல்ல இது.

மலைக்கு வருவோம். நாம் சிவனொளிபாதமலை என அழைப்பதைப் பௌத்தர் புத்தர் பாதம் என்கின்றனர். முஸ்லிம்கள் ஆதத்தின் பாதம் என்கின்றனர். அதன் அடிவாரங்களில் தேயிலை கிள்ளியவர்கள் மலையகத் தமிழர். 1948இல் அவர்களின் பிரஜாவுரிமை பறிபோனது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. தீவை நகர்த்தக் கிளார்க்குக்கு ஒரு முன்னுரைக் குறிப்புப் போதும். மனிதரை நகர்த்த இரு பிரதமர்களின் கையெழுத்துப் போதுமாயிருந்தது. நாவலின் மோதலோ பொறியியலாளருக்கும் பிக்குகளுக்கும் இடையிலானது மட்டுமே.

அப்பிக்குகள் வெளியேறுவதும் அழகாகவே நடக்கிறது. மஞ்சள் வண்ணத்துப்பூச்சிகள் உச்சியை எட்டினால் மடத்தின் காலம் முடியும் என்றொரு ஐதீகம். செயற்கைப் புயலொன்று அவற்றை அங்கே சேர்க்கிறது. அழகான கற்பனைதான். ஆயினும் 1995 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு நடந்தவர்களுக்கு எந்த ஐதீகமும் துணை வரவில்லை. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குப் புலிகள் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று வாய்மூடியிருந்த நம் சமூகம், மற்றவர்களின் மௌனத்தை மட்டும் குறைசொல்ல முடியாது.

தனிச் சிங்களச் சட்டம் வந்த 1956இல் இலங்கையில் குடியேறியவர் கிளார்க். 2007 டிசெம்பரில், தொண்ணூறாவது பிறந்தநாளில், மூன்று விருப்பங்களை வெளியிட்டார்: வேற்றுலக உயிர்களுக்கான சான்று, எண்ணெயில் தங்கியிராத தூய சக்தி, இலங்கையில் நிலையான சமாதானம். அடுத்த மார்ச்சில் காலமானார். முதலாவதும் மூன்றாவதும் ஒரே பட்டியலில் வந்தது தற்செயல் என்று நான் கருதவில்லை. இரண்டுக்கும் அவர் நம்பியது உரையாடலை. நாமும் ஆண்டுக்கணக்காக உரையாடினோம், ஒப்பந்தங்களும் எழுதினோம். நிலத்தைப் பங்கிட மனமில்லாத இடத்தில் உரையாடல் எதுவரை செல்லும்? இக்கேள்வியைத் தொடாததே இந்நாவலின் குறை. அதை எழுதும் தகுதி, தரிக்க இடமின்றி அலைந்த நம்மவரிடம் உண்டு.