ஏற்காட்டுப் பூம்பாத்திகளும் அவற்றின் இலக்கணமும்

கோடை விழாவையொட்டி ஏற்காடு அண்ணா பூங்காவில் அமைக்கப்பெறும் மலர்க் கண்காட்சியைக் காண மலையேறி வருவோர், ஆயிரக்கணக்கில் கொய்த மலர்களால் ஆன உருவங்களின் முன் நின்று வியப்பதில் குறை காண்பதற்கில்லை. ஆயினும் தோட்டக்கலையின் தராதரத்தை நிர்ணயிப்பது, வேரூன்றி நிற்கும் பாத்தியே என்பது என் துணிபு.

பாத்தி அமைப்பில் இரண்டு சம்பிரதாயங்கள் ஆங்கிலேயரோடு நம் மலைகளுக்கு வந்தன. கோலியஸ், ஆல்டர்னாந்தரா முதலிய வண்ண இலைச் செடிகளை நெருக்கமாக நட்டு, கத்தரித்து, ஜமக்காளம் விரித்தாற்போல் சித்திரம் வரைவது ஒன்று. 1870-இல் ‘காட்டுத் தோட்டம்’ என்ற நூலை வெளியிட்ட வில்லியம் ராபின்ஸனும், பின்னர் கெர்ட்ரூட் ஜீக்கிலும் அச்செயற்கையை வெறுத்து, உயர்ந்தவை பின்னும் தாழ்ந்தவை முன்னுமாக, ஒன்று வாடுகையில் மற்றொன்று பூக்கும்படி ஓரப் பாத்திகளைக் கலந்து நடும் முறையைப் பரப்பினர். பூங்காக்கள் முதலாவதைப் பெரிதும் கைக்கொண்டன. எனக்கோ இரண்டாவதன் மீதே பக்ஷபாதம்.

எம்முறையாயினும் சீதோஷ்ணத்தை மீறிய தேர்வு நிலைக்காது. உதகை ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரத்தில் இருக்க, ஏற்காடு 1,500 மீட்டரளவிலேயே நிற்கிறது. குளிரை விரும்பும் பான்ஸியை உதகையைப் பார்த்து இங்கே மே மாதத்துக்கென நடுவோர், வெயில் ஏறியதும் அது நீண்டு தளர்ந்து, பூ சிறுத்துப்போவதைக் காண்பர். பெட்டூனியாவின் மெல்லிதழ்களோ, காப்பித் தோட்டக்காரர் ஆவலோடு எதிர்நோக்கும் கோடை மழை ஒன்று பெய்தால் நைந்து ஒட்டிக்கொள்ளும். சால்வியா, செண்டுமல்லி, கோழிக்கொண்டை ஆகியவை வெயிலைத் தாங்கும். சில்வர் ஓக் நிழலிலோ பெகோனியாவும் கோலியஸும் பொலியும்.

காலக் கணக்கும் முக்கியம். விதையிலிருந்து பூக்க சால்வியாவுக்கு ஏறத்தாழ மூன்று மாதமும், குட்டைச் செண்டுமல்லிக்கு அதைவிடக் குறைந்த காலமும் வேண்டும். ஆகவே முன்னதைத் தை இறுதியிலும் பின்னதை மாசியிலும் நாற்றங்காலில் விதைப்பவரே வைகாசியில் நிறைந்த பாத்தியைக் காட்ட இயலும். ஒரே நாளில் விதைத்துவிட்டு எல்லாம் ஒன்றாய்ப் பூக்கும் என்றிருப்பது பேராசை.

கொய்த மலர்ச் சிற்பம் சில நாட்களில் வாடிவிடும். ஆதலின் கண்காட்சி நடத்துவோர், விழா முடிந்து ஒரு மாதம் கழித்தும் பூத்து நிற்கும் பாத்திக்கெனத் தனிப் பரிசொன்றை ஏற்படுத்துமாறு வேண்டுகிறேன்.