கானெட்டை அடியிலிருந்து பாருங்கள்

இங்கிலாந்தின் கென்ட் பகுதியில், சாட்டம் கப்பல் தளத்தில் நிற்கும் ‘எச்.எம்.எஸ். கானெட்’டைப் பார்க்கப் போனால் மேல்தளத்துக்கு அவசரமாக ஏறிவிடாதீர்கள். உலர்துறையில் நிற்பதால் நீருக்கடியில் இருக்கவேண்டிய பாகமும் கண்ணுக்குத் தெரியும். கப்பலின் சூட்சுமம் அங்கேதான் இருக்கிறது.

1878இல் ஷியர்னெஸ்ஸில் நீரில் இறக்கப்பட்ட ‘ஸ்லூப்’ வகைச் சிறு போர்க்கப்பல் இது. நீளம் 170 அடி, அகலம் 36 அடி. பெரிய கடற்படைகளோடு மோத இதனால் ஆகாது. தாய்த்துறைமுகத்தை விட்டுப் பல்லாயிரம் மைல் தள்ளி, ஆண்டுக்கணக்கில் தனியே ரோந்து சுற்றத்தான் கட்டினார்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள்.

சட்டகம் இரும்பு, போர்த்தியிருப்பது தேக்குப் பலகை. முழுக்க இரும்பிலேயே கட்டியிருக்கலாமே? வெப்பக் கடலில் இரும்பு உடலில் பாசியும் கொட்டலசும் சீக்கிரம் அப்பிக்கொள்ளும், வேகம் குறையும். சுரண்டி எடுக்க உலர்துறை வேண்டும். பசிபிக்கின் நடுவே அதற்கு எங்கே போவது? செம்புத் தகடு அடித்தால் இவை எளிதில் ஒட்டாது. ஆனால் உப்புநீரில் செம்பு இரும்பைத் தொட்டால் இரும்பு அரிக்கப்பட்டுவிடும். ஆகவே இரண்டுக்கும் நடுவே தேக்கு. எவ்வளவு அழகான தீர்வு! அந்தப் பலகைகளின் முன் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

பிறகு நிமிர்ந்தால் மூன்று பாய்மரங்கள், அவற்றுக்கிடையே புகைபோக்கி. நீராவி இயந்திரம் இருக்கும்போது பாய் எதற்கு என்று தோன்றும். நிலக்கரி கிடைக்காத கடலில் இயந்திரம் வெறும் சுமை. நெடும்பயணத்துக்குக் காற்று, அவசரத்துக்கு நீராவி.

மேல்தளத்தில் பீரங்கிகளைப் பார்த்துவிட்டுப் படகுகளிடம் போங்கள். ரோந்தின் பாதி வேலை படகுகளுடையது. 1880களில் கானெட் செங்கடலில் அடிமை வணிகத்தைத் தடுக்கச் சுற்றியது. பவளப்பாறைகளை ஒட்டி நழுவும் சிறு பாய்க்கலங்களைப் போர்க்கப்பலால் துரத்த முடியாது. படகில் இறங்கி மாலுமிகள்தான் துடுப்புப் போட வேண்டும். இதே கப்பல்தான் 1888இல் சூடான் கரையில், சுவாகின் துறைமுகத்தை முற்றுகையிட்ட கிளர்ச்சித் தளபதி உஸ்மான் திக்னாவின் படைமீது குண்டு பொழிந்தது. அடிமை வணிகத்தைத் தடுத்த கப்பலே பிரிட்டிஷ் பேரரசின் பிடியையும் காத்தது. ஒன்றை மறந்து மற்றொன்றை மட்டும் பார்த்தால் கானெட்டைப் பார்த்ததாகாது.

கடைசியாகக் கீழ்த்தளம். 1913க்குப் பிறகு ஹாம்பிள் ஆற்றில், ‘மெர்க்குரி’ கடற்பயிற்சிப் பள்ளி மாணவர்கள் உறங்கும் இடமாக இந்தக் கப்பல் இருந்தது. பள்ளியை நடத்தியவர் கிரிக்கெட் வீரர் சி.பி. ஃபிரை, நம் ரஞ்சித்சிங்ஜியோடு சசெக்ஸ் அணிக்கு ஆடியவர். கானெட் கப்பல் உடைப்போரிடம் போகாமல் தப்பியதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு நன்றி சொல்ல வேண்டும். 1968இல் பள்ளியை மூடினார்கள். பின்னர் சாட்டத்தில் 1888ஆம் ஆண்டுத் தோற்றத்துக்குக் கப்பலைப் புதுப்பித்தார்கள். எனவே நீங்கள் தொடுவது எல்லாமே விக்டோரியா காலத்தது அல்ல. எது பழையது, எது புதிதாகப் பொருத்தியது என்று அங்கிருப்பவர்களிடம் கேட்டுக்கொண்டே நடங்கள்.